நிலைவாசலைத் தொடாத காகிதம்

கமுதி முத்துமாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சேத்தாண்டி வேடம். உடம்பெல்லாம் களிமண்ணைப் பூசிக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்தும் பக்தர்களைப் படமெடுக்கப் பத்திரிகைகள் ஆளனுப்புகின்றன. அவர்கள் நடந்துவரும் தெருக்களில் தலைக்கு மேலே சணலில் ஒட்டித் தொங்கும் தோரணத்தைப் பற்றி எழுத யாரும் வருவதில்லை. குண்டாற்றங்கரைக் கோட்டைக்கு வரலாறு உண்டு, சேதுபதிகளுக்கு உண்டு, இந்தப் பக்கத்து முண்டு மிளகாய்க்குக்கூட 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நாலு நாள் தொங்கிக் கிழிந்துபோகிற வண்ணத்தாளுக்கு என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்பதே என் வாதம். திருவிழாவிலும் வீட்டு விசேஷத்திலும் எதை யார் கட்டலாம் என்பதெல்லாம் பரம்பரை உரிமையாக வகுக்கப்பட்டிருந்த ஊர்கள் இவை. அங்கே யாருடைய உரிமையிலும் சேராமல், சின்னப் பிள்ளைகள் கத்தரித்து ஒட்டி, பொது இடத்தில் தொங்கவிட முடிந்த அலங்காரமாகக் காகிதம் வந்து சேர்ந்தது. வந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. பழமை குறைவு என்பதால் அதன் பொருளும் குறைவு என்று ஆகிவிடாது.

பழைய முறையை முதலில் பார்த்துவிடலாம். தென்மாவட்டக் கிராமத்தில் ஒரு திருவிழா என்றால் அழகு செய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் உண்டு. பந்தலுக்கு வெள்ளை கட்டுவதும் சாமி வரும் பாதையில் மாத்து விரிப்பதும் வண்ணார் வேலை. பூமாலை தொடுப்பது பண்டாரம். புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்வது வேளார். அந்தந்த வேலைக்கு அறுவடையில் நெல்லோ கம்போ பங்காக வரும். திருவிழா முடிந்ததும் முறைப்படி மரியாதை வரும். வேலை செய்பவர் தாழ்வாக நடத்தப்பட்டார், ஆனாலும் அந்த வேலையை வேறொருவர் தொட முடியாது. இந்த ஏற்பாட்டுக்குள் குழந்தைக்கு என்று தனி இடமில்லை. வண்ணார் வீட்டுப் பிள்ளை அப்பாவோடு துணி சுமந்தது, பண்டாரம் வீட்டுப் பிள்ளை நார் கிழித்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களிலும் சிலர் எட்டி நின்றுதான் பார்க்க முடிந்தது.

எட்டி நிற்பது எவ்வளவு தீவிரமான விஷயம் என்பதற்குக் கமுதியைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1897 மே 14 அன்று நாடார் சமூகத்தினர் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதியின் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்று நாலு மாதம்கூட ஆகியிராத அதே சேதுபதிதான். மதுரைச் சார்பு நீதிமன்றம் 1899இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூனில் இதே கோயில் நுழைவுப் பூசலில் சிவகாசி கொள்ளைக்கும் தீக்கும் இரையானது. சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது; 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே சொன்னது. பாஸ்கர சேதுபதி அதற்குள் இறந்துபோயிருந்தார். ஒரு சிற்றூர்க் கோயிலின் வாசற்படியை யார் தாண்டலாம் என்பதற்குப் பதினோரு ஆண்டு வழக்கும் கடல் கடந்த தீர்ப்பும் தேவைப்பட்டன. மதுரை மீனாட்சி கோயிலில் ஆலய நுழைவு நடந்தது 1939 ஜூலை 8 அன்று. இடைப்பட்ட தலைமுறையில் கமுதியில் வளர்ந்த பல பிள்ளைகளுக்குக் கோயில் அலங்காரம் என்பது வெளியில் நின்று பார்க்கிற ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் கையில் முதலில் கத்தரிக்கோலும் வண்ணத்தாளும் வந்தது பள்ளிக்கூடத்தில்.

கைத்திறன் அதற்கு முன்பே இருந்தது. ராமநாதபுரம் சீமை பனைச்சீமை. குருத்தோலையை ஈர்க்கு நீக்கிக் கிழித்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி முடையும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றார்கள். காத்தாடி, கிலுகிலுப்பை, ஓலைப் பாம்பு, கொட்டான் எல்லாம் அந்தப் பாடத்தின் படிகள். கடலோரக் கிறித்தவ ஊர்களில் குருத்தோலை ஞாயிறன்று ஓலையைச் சிலுவையாக முடைவதும் இதே விரல் வேலைதான். கார்த்திகைக்குச் சுற்றும் மாவலியைப் பாருங்கள். பனையின் ஆண்பூவைக் காயவைத்து, குழியில் போட்டு மூடிக் கரியாக்கி, அரைத்து, பழந்துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நீளக் கயிற்றில் பிணைத்துத் தீ வைத்துச் சுற்றினால் பொறி வட்டமாகச் சிதறும். கரி அரைப்பது பெரியவர்கள், கட்டுவது அண்ணன்மார், சுற்றுவது எல்லோரும். பண்டிகைக்கான பொருளை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் வழக்கம் இங்கே காகிதத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பதற்கு மாவலி ஒன்றே போதும். ஆனால் மாவலி எரிந்து முடிகிற விளையாட்டு. ஓலைக்கும் ஒரு குறை உண்டு: பச்சையாக இருக்கும்போதுதான் மடியும், பங்குனி வெயிலில் ஒரு பகலில் சுருண்டுவிடும், அதில் சாயம் ஏற்றுவது தனி வேலை.

காகிதம் இங்கே மெதுவாகத்தான் வந்தது. தரங்கம்பாடி மிஷனரிகள் 1710களிலேயே அச்சுக்கூடம் வைத்து, பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் தொடங்கினார்கள், பட்டறை நீடிக்கவில்லை. திண்ணைப் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மணலையும் ஓலையையும் வைத்தே ஓடின. கல்கத்தாப் பக்கம் டிட்டாகர் போன்ற ஆலைகள் 1880களில் எழுந்த பிறகுதான் ஆலைக் காகிதம் நாட்டில் மலிவாகப் புழங்கத் தொடங்கியது. அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்ட ஓர் அருமையான நூல் இருக்கிறது. சென்னை மாகாண வருவாய்த்துறை அதிகாரி டி. சுந்தர ராவ் 1893இல் சென்னை அடிசன் கம்பெனி வழியாக வெளியிட்ட காகித மடிப்பு வடிவியல் நூல் அது. ஒழுங்கற்ற ஒரு தாளை மடித்து நேர்விளிம்பு எடுப்பதில் தொடங்கி, அந்த விளிம்பை அதன்மேலேயே மடித்துச் செங்கோணம், அதிலிருந்து சதுரம், பிறகு ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று அளவுகோலும் கவராயமும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. தாசில் கச்சேரிக் கணக்குகளுக்கு நடுவே இப்படி ஒன்றை எழுத நேரம் கண்டுபிடித்த அதிகாரியை இன்றைய தமிழ்நாடு ஏறக்குறைய மறந்துவிட்டது. அது வேறு கதை.

நமக்கு வேண்டியது அந்நூலின் முன்னுரை. இந்த எண்ணம் தமக்குக் குழந்தைகள் பள்ளிக்கான விளையாட்டுப் பொருள்களில் எட்டாவதான காகித மடிப்பிலிருந்து வந்தது என்கிறார் சுந்தர ராவ். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1837இல் தொடங்கிய சிறுவர் பள்ளியின் வழிமுறை அது. ஒரு பெட்டியில் வண்ணவண்ணச் சதுரத் தாள்கள், மடிக்க ஒரு தகடு, பார்த்துச் செய்யப் படங்கள். இந்த முறை 1890களில் சென்னை மாகாணப் பள்ளிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பெண்பள்ளி ஆய்வாளராக இருந்த பிராண்டர் அம்மையார் இந்தியக் குழந்தைகளுக்கேற்ப அதை மாற்றிப் பாடநூலே எழுதினார். பள்ளிப் பாடம் வீட்டு வழக்கமாவது உலகில் நடக்காத ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் கடலோர வீடுகளின் முகப்பில் தொங்கும் நட்சத்திரத்தின் மூதாதை ஒன்று, 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொராவிய சபையின் ஆண்கள் பள்ளியில் வடிவியல் பயிற்சியாகப் பிறந்ததுதான். மாணவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்தார்கள், 1880 வாக்கில் ஒருவர் விற்கத் தொடங்கினார், பின்னர் அது மரபாகிவிட்டது.

இங்கே ஒரு தடை எழும். அப்படியானால் இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பள்ளிக்கூடச் சரக்கு, மாவிலையும் குருத்தோலையும் இருக்கும் நாட்டில் இதற்கு ஏன் இவ்வளவு பரிவு? சுந்தர ராவே இதற்குப் பதில் வைத்திருக்கிறார். காகிதம் மடிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. சதுரத் தாளில் படகும் மைக்கூடும் செய்வதும், அலங்காரத்துக்காகத் தாளைச் சமச்சீராகக் கத்தரிப்பதும் நம்மவர்க்குத் தெரிந்ததே என்று அதே முன்னுரையில் எழுதுகிறார். எழுத்தறிந்த நகரத்து வீடுகளை மனத்தில் வைத்து அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் நகரத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. ஜாஃபர் ஷெரீப் எழுதி ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலமாக்கிய தென்னிந்திய முஸ்லிம் வழக்கங்கள் பற்றிய நூல் 1832இல் வந்தது. முகரத்துக்குச் செய்யும் தாபூத்துகளை, மூங்கில் சட்டத்தில் வண்ணத்தாளும் காக்காப்பொன்னும் ஜிகினாவும் ஒட்டிய கோபுரங்களாக அது விவரிக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு எல்லாச் சமூகத்தாரும் கூடும் விழா. தமிழ்நாட்டில் சந்தனக்கூடு என்ற அமைப்பே மின்விளக்கு வருமுன் மூங்கிலையும் தாளையும் நம்பி நின்றதுதான். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் வெசாக் கூடு இருக்கிறது: மூங்கில் ஈர்க்கைக் கட்டி, மெல்லிய தாள் ஒட்டி, உள்ளே விளக்கேற்றுவது. இலங்கையில் வெசாக் கொண்டாடும் பௌத்தர் வீடுகளில் பிள்ளைகள் கையால் அது செய்யப்படுகிறது. காலங்காலமாக வருவதுபோல் தோன்றும் அந்த வழக்கத்தின் இன்றைய பரவலுக்குக் காரணம், வெசாக் 1885இல் அரசு விடுமுறை ஆனது. விடுமுறை கிடைத்த பிறகே வீடு அலங்காரக் கூடமாகிறது. ஆக, காகிதத்துக்கு உள்ளூர் வேரும் உண்டு, வெளியூர் ஒட்டும் உண்டு. ஓலையில் பழகிய விரல் இரண்டையும் இணைத்தது. இதில் எது சுத்தமான மரபு என்று பிரிக்கப் போனால் மிஞ்சுவது ஒன்றும் இருக்காது.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, கிடைப்பது வேறு. வண்ணத்தாள் கமுதிப் பக்கத்துச் சாதாரண வீட்டுக்கு எட்டிய பொருளானதற்குச் சிவகாசியைச் சொல்லாமல் முடியாது. 1985 வரை சிவகாசியும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு உறை வேண்டும், அதற்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்ததும் காலண்டர், வாழ்த்து அட்டை, நோட்டு என்று தொழில் விரிந்தது. அச்சகம் இருக்கும் இடத்தில் வெட்டுத்தாள் மிஞ்சும். தீக்கு இரையான ஊர் பின்னாளில் தீப்பெட்டிக்கும் காகிதத்துக்கும் பெயர்பெற்றதை வரலாற்றின் வினோதம் என்று விட்டுவிடலாம். விளைவு கமுதிக் கடைத்தெருவில் வண்ணத்தாள் சில்லறைக் காசுக்குக் கிடைத்ததுதான்.

செய்முறை மிக எளிது, அந்த எளிமைதான் அதன் பலம். மெல்லிய வண்ணத்தாளை நாலாக எட்டாக மடித்து ஒரே வெட்டில் முக்கோணமாகவோ வாலுள்ள கொடியாகவோ நறுக்குவது. திண்ணைத் தூண் இரண்டுக்கு இடையே சணலை இழுத்துக் கட்டுவது. தாளின் மேல்விளிம்பில் பசை தடவிக் கயிற்றின்மேல் மடித்து அழுத்துவது. பசைக்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவார்கள். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவதுண்டு, அது விஷம் என்பதால் பிள்ளைகள் கையளையும் பசையில் சேர்ப்பதில்லை. மைதா இல்லையென்றால் புளியங்கொட்டைப் பசை, அதுவும் இல்லையென்றால் சோற்றுப் பருக்கை. இந்தப் பக்கத்துக் கண்மாய்க்கரையெல்லாம் நாட்டுக் கருவேலம் நின்றதால் அதன் பிசினை ஊறவைத்தும் ஒட்டினார்கள். தாளை விரல் அகல நாடாவாக வெட்டி வளையத்துக்குள் வளையம் கோத்தால் சங்கிலி. மடித்த தாளில் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் அறுத்து, நுனியைப் பிடித்து இழுத்தால் வலைபோல் நீளும் கூடு. நாலு வயதுப் பிள்ளை வளையத்துக்குப் பசை தடவும், ஏழு வயது கோக்கும், பத்து வயது கத்தரிக்கும். இதில் யாருக்கும் பரம்பரைத் தொழில்திறன் வேண்டியதில்லை. கமுதிக்கு வானமும் ஒத்துழைத்தது. பெரிய திருவிழாக்கள் பங்குனியிலும் சித்திரையிலும் வருவதால் தாள் நனையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொங்கவிட்டால் சாயம் கரைந்து சுவரெல்லாம் வழியும். கோடைத் திருவிழாவுக்குத் தெருவில் தாள், கார்த்திகைக்கு விளக்கும் மாவலியும் என்று பருவமே பாதி பங்கு பிரித்துக் கொடுத்தது.

இப்போது கடினமான தடைக்கு வருவோம். பிள்ளையும் பசையும் காகிதமும் வீட்டுத் திண்ணையும் சேர்ந்த இந்தக் காட்சி, அதே மாவட்டத்தில் வேறோர் இடத்தில் வேறொன்றாக இருந்தது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தீப்பெட்டிக்கு மெல்லிய மரச்சீவலில் நீலத்தாள் ஒட்டும் வேலை வீடுகளுக்கே வந்தது. குரோஸ் கணக்கில் கூலி. அம்மாவும் பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டினார்கள், பள்ளிக்கூடம் போகவேண்டிய பொழுதில். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான தொழில்களைத் தடை செய்தபோதும், குடும்பத்தினர் துணையோடு வீட்டுப் பட்டறையில் நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்தது. அந்தப் பொந்து வழியாக எத்தனை பிள்ளைகள் நழுவினார்கள் என்பதை அந்தப் பக்கத்துப் பள்ளி வருகைப் பதிவேடுகள் சொல்லும். எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்து, குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்டவேண்டும் என்றது. இப்படியொரு மாவட்டத்தில் குழந்தையின் காகித வேலையைப் புகழ்வது கண்ணை மூடிக்கொண்டு பேசுவது இல்லையா?

இந்தத் தடையை ஒதுக்கிவிட முடியாது. பொருள் ஒன்றுதான், விரல் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் எதை எப்போது நிறுத்தலாம் என்ற முடிவு யாரிடம் இருந்தது என்று பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் துருவம். தீப்பெட்டி ஒட்டும் பிள்ளைக்கு எண்ணிக்கை உண்டு. கோணலாக ஒட்டினால் கழித்துவிடுவார்கள். ஒட்டிய பெட்டி எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. தோரணம் ஒட்டும் பிள்ளை பாதியில் ஓடிப்போகலாம், கோணலும் தொங்கும், தொங்குவதைத் தெருவில் நின்று தன்னுடையது என்று காட்டலாம். தான் செய்ததைத் தன் கண்முன் பொது இடத்தில் பார்க்கும் வாய்ப்பு, இந்தச் சீமையில் உழைத்தவர் பலருக்குக் கிடைக்காதது. வேளார் செய்த குதிரைகூடக் கண்திறந்தபின் ஊராருடையது. எனவே சிவகாசியின் நிழல் என் வாதத்தை முறிப்பதைவிட அதற்கு ஓர் எல்லை வகுக்கிறது என்பேன். குழந்தையின் காகித வேலை அலங்காரமாக இருப்பது, அதற்குக் கூலியும் கெடுவும் இல்லாத வரையில்தான். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஐந்நூறு பூ ஒட்டித் தரச்சொல்லி வகுப்புக்கு இலக்கு வைக்கும் இன்றைய வழக்கம் அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது.

இன்னொரு கேள்வி, பள்ளிக்கூடமே சாதிக்கு வெளியில் இருந்ததா என்பது. இருக்கவில்லை. விருதுநகர் நாடார்கள் மகமைப் பணத்தில் 1885இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கினார்கள். அந்த வழியில் கமுதியிலும் உறவின்முறைப் பள்ளி எழுந்தது. மிஷன் பள்ளிகள், பிறகு மாவட்டக் கழகப் பள்ளிகள், எல்லாவற்றிலும் உள்ளே வர முடிந்த பிள்ளையும் முடியாத பிள்ளையும் இருந்தார்கள். தாளுக்குக் காசில்லாத பிள்ளை தோரணம் ஒட்டவில்லை என்பதும் உண்மை. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனிக்கவேண்டும். பள்ளிக்குள் வந்த பிறகு இந்தப் பிள்ளை கத்தரிக்கலாம், அந்தப் பிள்ளை பசை தொடக்கூடாது என்று சொல்ல எந்தச் சம்பிரதாயமும் இல்லை. காகிதத் தோரணத்துக்கு முதல் மரியாதை பெறுபவர் யாருமில்லை. முடிசூட்டு விழாவோ 1947 ஆகஸ்டு 15ஓ, கொடிநாளோ இலக்கிய மன்றமோ, அந்தக் கயிறு எந்த வழக்கிலும் சிக்கவில்லை. பள்ளிகள் திறக்கத் திறக்க அந்தக் கயிற்றைப் பிடித்த கைகள் கூடின. 2007க்குப் பின் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தபோது தொடக்கப் பள்ளி வகுப்பறையின் மேலே பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டினார்கள். தெருத்தோரணம் அரசாணையோடு வகுப்பறைக்குள் வந்த தருணம் என்று அதைச் சொல்லலாம்.

வீட்டில் இதன் இடம் எது என்று பார்த்தால் என் வாதத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்து வலு சேர்கிறது. காகிதம் ஒருபோதும் நிலைவாசலைத் தொடவில்லை. பொங்கலோ கல்யாணமோ, நிலையில் மாவிலைதான், பந்தல்காலில் வாழைதான், தரையில் கோலம்தான். கோலமும் பெண்கள் பிள்ளைகளோடு சேர்ந்து போடும், யாருடைய பட்டயமும் இல்லாத அலங்காரம்தானே என்று கேட்பவர்க்கு: ஆம், ஆனால் அது அவரவர் வாசலோடு நிற்பது, பையன்களைச் சேர்க்காதது. தெருவுக்குக் குறுக்கே எதிர்வீட்டுத் தூணையும் சேர்த்துக் கட்டப்படுவது தோரணம். காகிதம் பிடித்துக்கொண்ட இடங்களைப் பாருங்கள். கொலுப்படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அமைக்கும் பூங்காவும் கடைத்தெருவும், கிறிஸ்துமஸ் குடிலின் பின்னணி வானமும் பாறையும், கூடத்து உத்திரம், பிறந்தநாள் சுவர், தெரு. சடங்கு உரிமை கொண்டாடாத காலி இடங்கள் இவை. ஒரே விதிவிலக்கு தேர்ப்பாடை. அங்கே வண்ணத்தாளும் காகிதப் பூவும் சடங்கின் நடுவிலேயே வருகின்றன, அதற்கென்று செய்பவரும் உண்டு. மங்கலத்துக்கு இலையும் பூவும், இறுதிக்கும் விளையாட்டுக்கும் காகிதம் என்ற இந்தப் பாகுபாட்டைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. புனிதம் விட்டுவைத்த இடத்தில் புகுந்ததால்தான் காகிதம் பிள்ளைகள் கைக்கு வந்தது. நிலைவாசலைப் பிடித்திருந்தால் அதற்கும் ஒரு முறைகாரர் வந்திருப்பார்.

முறைகாரர் இப்போது வேறு வேடத்தில் வந்திருக்கிறார் என்பது என் சந்தேகம். எல்கேஜி பிள்ளைக்குக் கொடுக்கும் கைவேலையை அம்மா இரவு விழித்துச் செய்கிறார், அல்லது ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து வாங்குகிறார். பிள்ளை அதைப் பள்ளிக்குச் சுமந்துபோகிறது, அவ்வளவுதான். கடையில் ஆயத்தமாகத் தொங்கும் மினுமினுப் பிளாஸ்டிக் சரத்துக்குப் பசையும் வேண்டாம், மாலைப்பொழுதும் வேண்டாம். அது மழைக்குக் கரையாது, நாலு திருவிழாவுக்கு வரும், கணக்குப் பார்த்தால் மலிவு என்று சொல்பவர்களின் கணக்கு தவறில்லை. ஆனால் கரையாததே அதன் குற்றமும். குண்டாற்று மணலிலும் கண்மாய் மடையிலும் போன ஆண்டுத் திருவிழா இன்னும் கிடக்கக் காரணம் அதுதான். திருவிழா முடிந்ததும் தாள் தோரணத்தை அறுத்தெடுத்து அடுப்பெரிக்கப் போட்டார்கள்; சணல் அடுத்த ஆண்டுக்குச் சுருட்டி வைக்கப்பட்டது.

வழக்கம் தானாகத் திரும்பாது என்பதால் சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்வது நல்லது. தேசிய விழாக்களில் மக்கள் காகிதத் தேசியக்கொடியை ஏந்தலாம், விழா முடிந்து அதைத் தரையில் எறியக்கூடாது என்கிறது 2002ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கில் பிளாஸ்டிக் கொடியும் ஒன்று. ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பிளாஸ்டிக் கொடி, பலூன் குச்சி ஆகியவற்றோடு அலங்காரத்துக்கான தெர்மாகோலையும் தடைசெய்துவிட்டது. வண்ணத்தாள், சணல், சோற்றுப் பசை மூன்றும் எந்தப் பட்டியலிலும் இல்லை.